மருந்தியல் மேதை எல்லப்பிரகட சுப்பாராவ்

பட்டாபிராமில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கும் நம் மாணவர்கள் அருகிலேயே காண்பது சென்னை மருத்துவக் கல்லூரி. அங்குப் பயின்றவரே, 1895இல் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ். மெட்ரிக் தேர்வில் மூன்றாம் முறையே வென்றவர். கதரணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானதால், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது என்பர். அவர் பெயரை இன்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ எனும் குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. 1922இல் அமெரிக்கா சென்ற அவர், லெடர்லி ஆய்வகத்தில் தம் குழுவினரோடு 1945இல் செயற்கையாக ஆக்கிய ஃபோலிக் அமிலம் அந்நோய்க்கே மருந்தாயிற்று.

உயிரணு பெருக அவ்வமிலம் இன்றியமையாதது. எனவே அதனைப் போலவே தோன்றி வழியடைக்கும் அமினோப்டெரினை அக்குழு படைத்தது. இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் அதனைக் கொடுத்தார். சிலரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்த செய்தி 1948இல் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் மறைந்தார், அகவை 53.

கட்டிக்குள் புற்றணுக்களுக்குத் துணைநிற்கும் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்கள் பலவும் ஃபோலேட்டைப் பற்றும் ஏற்பிகளை உடையன. ஃபோலேட்டோடு ஒளிர்பொருளையோ மருந்தையோ பிணைத்து அவற்றைக் காணவும் தாக்கவும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. சூலகப் புற்றணுக்களை அறுவையின்போது ஒளிரச் செய்யும் அத்தகைய பொருள் ஒன்றுக்கு 2021இல் அமெரிக்க அரசு இசைவளித்தது.