வீட்டையே பட்டறை ஆக்கியவர்: தாதாசாகேப் பால்கே



டிவியில் சாமி படம் போட்டால் நாம் எல்லோரும் சட்டென்று உட்கார்ந்துவிடுவோம். அனுமார் வானத்தில் பறப்பார். பாம்பு படமெடுத்து ஆடும். சிவபெருமான் திடீரென்று வருவார், திடீரென்று மறைவார். இன்றைக்கு இதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் ஏது? அப்போதே துணி, அட்டை, பெயிண்ட், ஒரு கேமரா இவற்றை வைத்து நம் நாட்டில் இந்த மாயமெல்லாம் செய்து காட்டியவர் தாதாசாகேப் பால்கே. அவருடைய வாழ்க்கையை இந்த வாரம் எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

பால்கேயின் முழுப்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. 1870 ஏப்ரல் 30ஆம் தேதி மகாராஷ்டிராவில் நாசிக் பக்கத்தில் உள்ள திரியம்பகம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சமஸ்கிருத பண்டிதர். பையனும் நம்மைப்போல பண்டிதர் ஆவான் என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள். ஆனால் பால்கேவுக்கு கை சும்மா இருக்காது. படம் வரைவது, பொம்மை செய்வது, நாடகத்துக்கு மேக்கப் போடுவது என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார்.

1885இல் மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடாவில் கலாபவனில் படித்தார். அங்கே ஓவியம் மட்டும் இல்லை, போட்டோ எடுப்பது, சிற்பம் செய்வது, கட்டடக் கலை என்று பலதையும் கற்றுக்கொண்டார். மேஜிக்கும் கற்றுக்கொண்டார்! தன் பெயரில் உள்ள எழுத்துக்களை மாற்றிப் போட்டு புரொபசர் கெல்பா என்ற பெயரில் மேடையில் மேஜிக் செய்தார்.

பட்ட கஷ்டங்கள்

கோத்ரா என்ற ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். அங்கே பிளேக் நோய் வந்தது. அவருடைய முதல் மனைவியும் குழந்தையும் அதில் இறந்துபோனார்கள். மனம் உடைந்து அந்த ஊரை விட்டே போய்விட்டார். கேமரா முன்னால் நின்றால் உடம்பில் இருக்கிற சக்தியை அது உறிஞ்சிவிடும் என்று ஜனங்கள் பயந்த காலம் அது. அதனால் போட்டோ தொழிலும் சரியாக நடக்கவில்லை.

1902இல் அவர் மணந்தவர் பெயர் சரஸ்வதிபாய். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொல்பொருள் துறையில் வேலை கிடைத்தது. சுதேசி இயக்கம் வந்ததும் ஆங்கில அரசாங்க வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ரவிவர்மாவின் சாமி படங்களை அச்சடிக்கும் அச்சகத்துக்கு வேலை செய்தார். பிறகு சொந்தமாக அச்சகம் ஆரம்பித்தார். கலர் அச்சு கற்க 1909இல் ஜெர்மனி போய் வந்தார். கடைசியில் கூட்டாளிகளோடு ஒத்துப்போகாமல் அதிலிருந்தும் விலகினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. கையில் தொழில் இல்லை.

வாழ்க்கையை மாற்றிய படம்

1911இல் ஒரு நாள் தன் பையனைக் கூட்டிக்கொண்டு மும்பையில் ஒரு கொட்டகைக்குப் போய் மிருகங்கள் வரும் படம் ஒன்றைப் பார்த்தார். வீட்டில் வந்து சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் மறுநாள் சரஸ்வதிபாயையும் கூட்டிக்கொண்டு போனார். ஈஸ்டர் சமயம் என்பதால் அன்றைக்கு மிருகங்கள் படம் இல்லை. இயேசுநாதரின் வாழ்க்கைதான் ஓடியது.

திரையில் இயேசுவைப் பார்க்கப் பார்க்க, பால்கேயின் மனசில் ராமரும் கிருஷ்ணரும் வந்து நின்றார்கள். நம்முடைய கதைகளை நம் ஆட்களே நடித்துப் படமாக எடுத்தால் என்ன என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் படம் பார்த்தார். புத்தகம் வாங்கிப் படித்தார். தூக்கமே குறைந்துபோனது. கண்ணில் புண் வந்து கொஞ்ச காலம் பார்வையே போய்விட்டது. டாக்டர் சிகிச்சை செய்து, கண்ணாடி போட்ட பிறகுதான் பார்வை திரும்ப வந்தது. சினிமா எடுக்க கண்தானே முக்கியம்? கண்ணே போயிருந்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தன் இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து 1912இல் லண்டன் போனார். செசில் ஹெப்வொர்த் என்ற படத் தயாரிப்பாளரிடம் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். வில்லியம்சன் கேமரா ஒன்று வாங்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினார்.

பட்டாணிச் செடி மாயம்

படம் எடுக்க பணம் வேண்டுமே, யார் கொடுப்பார்கள்? பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதை போட்டார். அதன் எதிரே கேமராவை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாதத்துக்கு மேல் படம் எடுத்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால், விதை முளைத்து, தண்டு நீண்டு, கொடி படர்வது எல்லாம் கண் முன்னால் ஒரு நிமிஷத்தில் நடந்துவிடும்! அதைப் பார்த்துத்தான் ஒருவர் பணம் கொடுக்க முன்வந்தார். ஆனாலும் பணம் போதவில்லை. சரஸ்வதிபாய் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

அரிச்சந்திரன் தொழிற்சாலை

மும்பை தாதரில் இருந்த அவர்கள் வீடுதான் பட்டறை, சமையல்கட்டு, லேப் எல்லாம். கிரீடமும் வாளும் ஈட்டியும் அங்கே தயாராயின. அரண்மனை, காடு, மலை எல்லாம் திரையில் வரைந்தார்கள். சினிமாவில் நடிப்பது கேவலம் என்று அப்போது ஜனங்கள் நினைத்ததால், யாராவது கேட்டால் அரிச்சந்திரனுடைய தொழிற்சாலையில் வேலை செய்கிறோம் என்று சொல்லும்படி நடிகர்களிடம் பால்கே சொல்லிவைத்திருந்தார்.

பெண் வேஷத்துக்கு ஒரு பெண்கூட வரவில்லை. கடைசியில் ஓட்டலில் வேலை செய்த சாளுங்கே என்ற இளைஞர் சந்திரமதியாக நடித்தார். பெண் வேஷம் போட்ட மற்ற ஆண்கள் மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தார்கள். அப்பா இறந்தால்தான் மீசை எடுப்பது அவர்கள் வழக்கம். பால்கே கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்கொள்ள வைத்தார். நம்ம ஊர் பாரதக் கூத்தில் திரௌபதி வேஷம் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். அதனால் நமக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இன்னொரு வேடிக்கை. மும்பைக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் படம் எடுக்கப் போனார்கள். கையில் வாளும் ஈட்டியுமாக வந்தவர்களைப் பார்த்து, கொள்ளைக்கூட்டம் வந்துவிட்டது என்று ஊர் ஜனங்கள் பயந்துபோய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள். பிடித்து வைத்துவிட்டார்கள்! பால்கே கேமராவைக் காட்டி, நடித்துக் காட்டி, விளக்கிய பிறகுதான் விட்டார்கள். பட்டறையில் செய்த வாள் அவ்வளவு நிஜமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

சரஸ்வதிபாய் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காலத்தில் பிலிமில் ஓட்டை இல்லாமல்தான் வரும். ஓரத்தில் ஓட்டை இருந்தால்தான் கேமராவில் உள்ள பல்சக்கரம் அதைப் பிடித்து இழுக்கும். வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்பதால் இருட்டு அறையில் உட்கார்ந்து அந்த ஓட்டைகளைப் போட்டவர் அவர்தான். பிலிம் கழுவ மருந்து கலந்தார். லைட் கிடையாது, வெயில்தான் வெளிச்சம். அந்த வெயிலை நடிகர்கள் முகத்தில் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றார். பிறகு அறுபது எழுபது பேருக்குச் சமையலும் செய்தார். திரையில் ஒரு பெண்கூட இல்லாத அந்தப் படத்தின் பின்னால் இவ்வளவு வேலை செய்தவர் ஒரு பெண்.

அவர்கள் மகன் பாலச்சந்திரா லோகிதாசனாக நடித்தான். 1913 மே 3ஆம் தேதி மும்பை கொரோனேஷன் கொட்டகையில் ராஜா அரிச்சந்திரா வெளியானது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று இதைத்தான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். நன்றாக ஓடியது.

சாமி எப்படி மறைந்தார்?

இந்த மாயங்களின் ரகசியம் ரொம்ப சுலபம். ஆனால் செய்வதுதான் கஷ்டம். கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுவதை நிறுத்திவிட்டால் எல்லோரும் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். அப்போது சாமி வேஷம் போட்டவர் வந்து நிற்பார். திரும்பவும் சுற்ற ஆரம்பித்தால், படத்தில் சாமி திடீரென்று தோன்றியது போல இருக்கும். யாராவது கையை ஆட்டிவிட்டால் போச்சு, மறுபடியும் முதலில் இருந்து.

இரண்டாவது வழி, ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் எடுப்பது. கருப்பாக இருக்கும் இடத்தில் பிலிமில் எதுவும் பதியாது. அதனால் முதல் தடவை ஒரு பக்கத்தைக் கருப்பாக விட்டு எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, அந்த இடத்தில் இன்னொரு உருவத்தை எடுப்பார்கள்.

1917இல் லங்கா தகனம் எடுத்தார். அதில் அதே சாளுங்கே ராமராகவும் சீதையாகவும் இரண்டு வேஷத்தில் நடித்தார். அனுமார் வானத்தில் பறந்து போகப் போக சின்னதாகிக்கொண்டே போவதையும், இலங்கை பற்றி எரிவதையும் பார்த்து ஜனங்கள் அசந்துபோனார்கள். ராமர் திரையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்களாம். சென்னையில் அந்தப் படத்துக்கு வசூலான சில்லறைக் காசை மாட்டுவண்டியில் போலீஸ் காவலோடு கொண்டுபோனதாகச் சொல்வார்கள்.

1919இல் காளிய மர்த்தனம். கிருஷ்ணராக நடித்தது பால்கேயின் சின்ன மகள் மந்தாகினி. படத்தின் ஆரம்பத்தில் அந்தக் குழந்தை விதவிதமாக முகபாவம் காட்டும். பிறகு அதே முகம் அப்படியே கிருஷ்ணராக மாறும். பெரிய பாம்பு செய்து, அதோடு அந்தக் குழந்தை தண்ணீரில் சண்டை போடுவது போல எடுத்தார்கள். நம்ம பக்கம் படுகளத்தன்று மண்ணால் பெரிய துரியோதனன் செய்கிறார்களே, மண் என்று தெரிந்தும் சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்களே, அது போலத்தான் அந்தப் பாம்பும். கூத்துக்காரர்கள் கல்யாண முருங்கை மரத்தில் கட்டை செய்து கண்ணாடி ஒட்டிக் கட்டுவதும் இதே கலைதான்.

கடைசிக் காலம்

தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஆனால் பணம் நிற்கவில்லை. கூட்டாளிகளோடு சண்டை வந்து கொஞ்ச காலம் காசிக்கே போய்விட்டார். 1931இல் பேசும் படம் வந்தது. ஊமைப்படக்காரர்களை ஜனங்கள் மறந்தார்கள். 1937இல் கங்காவதரணம் என்ற பேசும் படம் எடுத்தார். அதுதான் கடைசி. 1944 பிப்ரவரி 16ஆம் தேதி நாசிக்கில் காலமானார். அப்போது அவரைப் பற்றி அதிகம் பேர் நினைக்கவில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

• 1969 முதல் மத்திய அரசு சினிமாவுக்குத் தரும் மிகப் பெரிய விருது இவர் பெயரில்தான். முதலில் வாங்கியவர் தேவிகா ராணி.
• நம் சிவாஜி கணேசன் 1996ஆம் ஆண்டுக்கும், கே. பாலசந்தர் 2010ஆம் ஆண்டுக்கும், ரஜினிகாந்த் 2019ஆம் ஆண்டுக்கும் இந்த விருதைப் பெற்றார்கள்.
• 1913இல் பால்கே எடுத்த மோகினி பஸ்மாசுர் படத்தில் துர்காபாயும் அவர் மகள் கமலாவும் நடித்தார்கள். இந்திய சினிமாவின் முதல் நடிகைகள் இவர்கள்.
• தமிழ்நாட்டின் முதல் ஊமைப்படம் கீசகவதம். எடுத்தவர் நடராஜ முதலியார்.
• பால்கேயின் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அழிந்துவிட்டன.

நாம் கற்றுக்கொள்வது

பணம் இல்லை, ஆள் இல்லை, ஊர் சிரிக்கிறது என்று பால்கே சும்மா இருக்கவில்லை. இருப்பதை வைத்து ஆரம்பித்தார். இது ஒரு பாடம். இன்னொரு பாடமும் இருக்கிறது. விருதுக்கு வைத்தது பால்கேயின் பெயரை. நகையைக் கொடுத்து, இருட்டில் உட்கார்ந்து ஓட்டை போட்டு, வெயிலில் துணி பிடித்த சரஸ்வதிபாயின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா நாடகத்தின் முடிவில் நடித்தவர்கள் பெயரை மைக்கில் வாசிக்கிறோம். இந்த வருஷம் கிரீடம் ஒட்டியவர்கள், துணி தைத்தவர்கள், திரை இழுத்தவர்கள் பெயரையும் சேர்த்து வாசிக்கலாமே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி