வெப்பத்தின் பாதையைக் கணக்கிட்ட ஃபூரியர்: நிராகரிக்கப்பட்ட ஆய்வே உருக்காலைகளின் வழிகாட்டியான வரலாறு

உருக்காலையில் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிய எஃகு, நீரால் குளிர்விக்கப்படும் தாமிர அச்சினுள் இறங்குகிறது. அதன் வெளிப்புறம் முதலில் உறைந்து ஓடாகிறது. உட்புறம் திரவமாகவே இருக்கிறது. ஓடு போதிய தடிமன் பெறுமுன் அச்சை விட்டு வெளியேறினால், அது கிழிந்து எஃகுக் குழம்பு கொட்டிவிடும். ஓட்டின் தடிமனையும் உட்புற வெப்பநிலையையும் முன்கூட்டியே கணிக்கக் கணினிக்கு உதவும் சமன்பாட்டை வகுத்தவர், பிரெஞ்சுக் கணித மேதை ஜோசப் ஃபூரியர்.

1768 மார்ச் 21 அன்று பிரான்சின் ஓசேர் நகரில் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஃபூரியர், 10 வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்தார். உள்ளூர் ராணுவப் பள்ளியில் பயின்ற அவரைக் கணிதம் ஈர்த்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-இல் கைதான அவர், ரோபஸ்பியரின் வீழ்ச்சிக்குப் பின் விடுதலை பெற்றார். பின்னர் பாரிசில் பேராசிரியரானார். 1798-இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் அறிஞர் குழுவுடன் சென்றார்.

நாடு திரும்பியதும் இசேர் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவராக நியமிக்கப்பட்டார். சதுப்பு நிலங்களை வடிய வைத்தல், சாலை அமைத்தல் ஆகிய பணிகளுக்கு இடையே, கிரனோபிள் நகரில் இரும்பு வளையம் உள்ளிட்ட பொருட்களைச் சூடாக்கி, அவற்றில் வெப்பம் பரவும் விதத்தை அளந்தார்.

இந்த ஆய்வை 1807 டிசம்பரில் பாரிஸ் அறிவியல் நிறுவனத்திடம் அளித்தார். எவ்வகை வெப்பநிலைப் பரவலையும் எளிய அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்ற அவரது கருத்தை, அவரது ஆசிரியருமான லக்ராஞ்சு ஏற்கவில்லை. கட்டுரை வெளியிடப்படவில்லை. அதே பொருளில் திருத்திய கட்டுரைக்கு 1812-இல் பரிசு கிடைத்தபோதும், நிறுவல்களில் துல்லியம் போதவில்லை என்ற குறையும் பதிவானது.

ஃபூரியர் பின்வாங்கவில்லை. 1822-இல் வெப்பத்தின் பகுப்பாய்வுக் கோட்பாடு என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அறிவியல் அகாதமியின் நிரந்தரச் செயலாளரானார். 1830 மே 16 அன்று பாரிசில் காலமானார். 1807-ஆம் ஆண்டுக் கட்டுரை முழுமையாக அச்சேறியதோ 1972-இல்தான்.

ஒரு புள்ளியின் வெப்பநிலை, சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ற வேகத்தில் மாறும் என்பதே அச்சமன்பாட்டின் சாரம். வளையம், கோளம் போன்ற எளிய வடிவங்களுக்கு ஃபூரியர் கையாலேயே தீர்வு கண்டார். சிக்கலான வார்ப்புக்கு அது போதாது. எனவே பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நொடிக்கு நொடி ஒவ்வொரு கட்டத்தின் வெப்பநிலையையும் கணினி கணக்கிடுகிறது. எளிய முறைகளில், கால இடைவெளி பெரிதானால் விடைகள் தறிகெட்டுப் போகும். 1947-இல் ஜான் கிராங்க், பிலிஸ் நிக்கல்சன் வெளியிட்ட கணக்கீட்டு முறை இச்சிக்கலைத் தணித்தது.

வார்ப்பு, பற்றவைப்பு, வெப்பப் பதப்படுத்தல் என உலோகம் சூடாகிக் குளிரும் தொழில்களில் இன்றும் இச்சமன்பாடே கணிப்பின் அடித்தளம். துல்லியம் போதாது எனக் குறை கூறப்பட்ட அலைக் கூட்டுத்தொகையையும் பிற்காலக் கணிதவியலாளர்கள் உறுதியான அடித்தளத்தில் நிறுவினர். ஈஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களில் ஃபூரியரின் பெயரும் ஒன்று.