அவசரத் தேர்தல் வேண்டாம் என்ற அட்லி

நம் நாடு சுதந்திரம் பெற்றபோது பிரிட்டனின் பிரதமர் யார் என்று கேட்டால், சர்ச்சில் என்றுதான் பலரும் சொல்வார்கள். நீங்களும் அப்படி நினைத்திருந்தால், இந்த இதழில் கிளமெண்ட் அட்லியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1883 ஜனவரி 3-ம் தேதி லண்டனில் ஒரு வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர் அட்லி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அவரும் வழக்கறிஞரானார். கிழக்கு லண்டனில் ஏழைச் சிறுவர்களுக்கான மன்றம் ஒன்றில் உதவப் போனவர், அங்கு கண்ட வறுமையால் மனம் மாறி, அந்தப் பகுதியிலேயே பல வருடங்கள் தங்கிவிட்டார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றினார். 1919-ல் ஸ்டெப்னி மேயர், 1922-ல் எம்.பி., 1935-ல் தொழிற்கட்சித் தலைவர் எனப் படிப்படியாக உயர்ந்தார். அதிகம் பேசமாட்டார், மேடையில் கவரும் பேச்சாளரும் அல்ல.

இரண்டாம் உலகப் போரின்போது சர்ச்சில் தலைமையில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து ஆட்சி நடத்தின. அதில் அட்லி துணைப் பிரதமர். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. ஜப்பானுடன் போர் முடியும்வரை கூட்டணி தொடரட்டும், இல்லையென்றால் ஜூலையிலேயே தேர்தல் என்றார் சர்ச்சில். போரில் வென்ற தலைவர் என்ற புகழ் சூடு ஆறுவதற்குள் வாக்குக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சியின் கணக்கு.

அட்லி இரண்டையும் ஏற்கவில்லை. 1935-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் அது. பத்து வருடங்களாக மக்கள் வாக்களிக்கவே இல்லை. காலவரையறை இல்லாமல் அதை நீட்டுவதும் தவறு, அவசரப்படுவதும் தவறு, அக்டோபரில் நடத்தலாம் என்று அவரும் கட்சியும் சொன்னார்கள். லட்சக்கணக்கான வீரர்கள் கடல் கடந்து இருந்தார்கள். குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் ஊர் மாறியிருந்தார்கள். வாக்காளர் பட்டியல் சரியாக வேண்டாமா? ஆட்சியை நீட்டிக்கப் பொதுவாக்கெடுப்பு நடத்தலாம் என்ற யோசனையையும் அட்லி நிராகரித்தார்.

சர்ச்சில் கேட்கவில்லை. ஜூலை 5-ல் தேர்தல் நடந்தது. மனைவி வயலெட் கார் ஓட்ட, ஊர் ஊராகப் போய் அட்லி பிரசாரம் செய்தார். வெளிநாடுகளிலிருந்து வீரர்களின் வாக்குகள் வந்து சேர்வதற்காக எண்ணிக்கை மூன்று வாரம் தள்ளி, ஜூலை 26-ல் நடந்தது. 640 இடங்களில் தொழிற்கட்சிக்கு 393! வேண்டாம் என்ற தேர்தலே அவரைப் பிரதமராக்கியது.

அவர் ஆட்சியில்தான் 1947-ல் இந்திய சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. 1948 ஜூலை 5-ல், அதாவது அந்தத் தேர்தல் நடந்து சரியாக மூன்று வருடத்தில், அனைவருக்கும் இலவச மருத்துவத் திட்டம் தொடங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950-ல் மிகக் குறைந்த பெரும்பான்மையில் வென்ற அட்லி, 1951-ல் தானே முன்கூட்டித் தேர்தல் அறிவித்தார். எதிர்க்கட்சியைவிட அதிக வாக்குகள் வாங்கியும் இடங்கள் குறைந்து ஆட்சியை இழந்தார். 1967 அக்டோபர் 8-ம் தேதி காலமானார்.

தேர்தல் தேதியைத் தலைவர்கள் குறிக்கிறார்கள். அவர்கள் போடும் கணக்கு பல நேரம் பலிப்பதில்லை. ஆனால், தேர்தல் எப்போது வந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் நம் வாக்கு நம்முடையது. நம் குடியிருப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? முகவரி மாற்றப் படிவம் 8. வீட்டில் யாருக்காவது 18 வயது நிறைந்திருக்கிறதா? படிவம் 6. தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.