எலிஸபெத்து பிரை அம்மையார்

குற்றஞ் செய்தாரைத் தண்டித்தல் அரசின் கடமை. ஆயினும், காவலில் வைக்கப்பட்ட பெண்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதை வெளியிலிருப்போர் அறிதல் அரிது. மதிலுக்கு அப்பால் நிகழ்வதைத் தாமே சென்று கண்டு, அதனை ஆள்வோர் செவியிற் படுமாறு செய்த ஒரு மாதரசியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

எலிஸபெத்து அம்மையார் 1780-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாரிச் நகரில், குவேக்கர் சபையினரான கர்னி குடும்பத்திற் பிறந்தார். 1800-ல் ஜோசப் பிரை என்னும் வணிகரை மணந்து, 11 மக்களுக்குத் தாயானார்.

1813-ல் அவர் லண்டன் மாநகரின் நியூகேட் சிறைக்கு முதன்முறை சென்றார். ஆங்குப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 300 பேர் நெருக்குண்டு கிடந்தனர். விசாரணை முடியாதாரும் தண்டனை பெற்றாரும் ஒருங்கே அடைபட்டிருந்தனர். சமையலும் உறக்கமும் ஓரிடத்தே, படுக்கையோ வெறுந்தரை, காவல் செய்தவரோ ஆடவர். குளிரால் நடுங்கிய குழந்தைகளுக்கு அம்மையார் ஆடை கொண்டு கொடுத்தார்.

குடும்பத் துன்பங்களாற் சில ஆண்டுகள் தடைப்பட்ட அப்பணியை, அவர் பின்னர் மீண்டும் மேற்கொண்டார். சிறையிலிருந்த குழந்தைகளுக்குப் பள்ளி ஏற்பட்டது. 1817-ல் பெண் கைதிகளின் நலத்துக்கென ஒரு சங்கம் அமைந்தது. தையலும் பின்னலும் கற்பிக்கப்பட்டன. விதிகளை வகுத்தபொழுது, அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் கைதிகளின் சம்மதத்தைக் கேட்டார் அம்மையார். அவர்களும் கையுயர்த்தி இசைந்தனர். அதுகாறும் ஏவலையும் வசையையுமே கேட்டிருந்தவர்க்கு இஃது எத்துணைப் பெரிய மதிப்பு என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

தூரதேசத்துக்கு நாடுகடத்தப்பட்ட பெண்கள், ஊரார் எள்ளி நகையாடத் திறந்த வண்டிகளிற் கொண்டு செல்லப்படுவது வழக்கம். மூடிய வண்டிகளில் அனுப்புமாறு அதிகாரிகளை அம்மையார் இசைவித்தார். கப்பலிற் கைத்தொழில் செய்ய ஊசியும் துணியும் அளித்தார்.

1818-ல் பார்லிமெண்டின் காமன்ஸ் சபைக் குழுவின்முன் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். பெண் கைதிகளைப் பெண்களே காத்தல் வேண்டும் என்னும் விதி 1823-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தில் இடம்பெற்றது. எனினும், சிறைகளைப் பார்வையிட அரசாங்கத்தார் அதிகாரிகளை நியமித்தது 1835-ல் தான்.

தம் மக்களைப் பேணாது ஊர்ப்பணி செய்கின்றார் என்று அம்மையாரைப் பழித்தாரும் உளர். 1828-ல் கணவரின் வங்கி முறிந்து, குடும்பச் செல்வம் குன்றியது. ஆயினும் அவர் மேற்கொண்ட பணியைக் கைவிட்டாரல்லர். 1845-ல் ராம்ஸ்கேட்டு என்னும் ஊரில் உயிர்நீத்தார்.

சட்டம் ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது. அது நடைபெறுகின்றதா என்று சென்று பார்ப்பாரும் வேண்டும். கல்லூரியை விட்டு நீங்கியபின் நம்மிற் சிலர் வழக்கறிஞராவர், சிலர் அதிகாரிகளாவர். அந்நாளில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரும் நம்மைப் போன்ற மாந்தரே என்பதை நாம் மறவாதிருப்போமாக.