தெருவில் பறந்த பசங்களை டிராக்குக்குக் கூட்டி வந்தவர்... யார் இந்த வாலி பார்க்ஸ்?

பச்சை விளக்கு விழுந்ததும் பக்கத்துக் காரை முந்திவிட வேண்டும் என்ற வெறி எந்த ஊர் சிக்னலிலும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அது பெரிய தலைவலியாகவே மாறிப்போனது. பழைய ஃபோர்டு காரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி, இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, ராத்திரியில் தெருவில் ரேஸ் விட்டார்கள் பசங்க. விபத்துகள் நடந்தன, உயிர்கள் போயின. 'ஹாட் ராட்' வைத்திருந்தாலே ரவுடி என்கிற அளவுக்குப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

போலீஸை விட்டு விரட்டுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. வேறு வழி ஒன்றைச் சொன்னவர் வாலி பார்க்ஸ்.

யார் இவர்?

1913ல் ஓக்லஹோமாவின் கோல்ட்ரி என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டது. இளைஞரானதும் முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் நடந்த வேகப் போட்டிகளின் பக்கம் போனார்; அதன் பிறகு அந்தப் பைத்தியம் விடவே இல்லை. கார் கிளப்புகள் சேர்ந்து 1937ல் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனை உருவாக்கியபோது அதில் அவரும் இருந்தார். போர்க்காலத்தில் ராணுவ டாங்கிகளை ஓட்டிச் சோதிக்கும் வேலை, பிறகு பசிபிக் முனையில் ராணுவ சேவை. திரும்பி வந்தவர் 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியரானார். பசங்களிடம் பேச இதைவிட நல்ல மேடை வேறு கிடைக்காது.

1951ல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன், சுருக்கமாக என்.ஹெச்.ஆர்.ஏ., பிறந்தது. கணக்கு சிம்பிள். ரேஸ் விடாதே என்று சொன்னால் எவனும் கேட்க மாட்டான். விடு, ஆனால் இங்கே வந்து விடு என்று ஒரு இடத்தைக் காட்டினால் வருவான். வந்தால் சீட் பெல்ட், ஹெல்மெட், பிரேக் எல்லாவற்றையும் பரிசோதித்துத்தான் உள்ளே விடலாம்.

டிராக் ரேஸ் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு கார், நேர்கோடு, நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர். போரில் பயன்பட்டுச் சும்மா கிடந்த விமான ஓடுதளம் ஒன்று போதும்.

ஒரு கார், ஒரு டிரெய்லர், நான்கு பேர்

1953 ஏப்ரலில் போமோனா கண்காட்சித் திடலின் பார்க்கிங் பகுதியில் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வ போட்டி நடந்தது. உள்ளூர் போலீஸே துணை நின்றது என்பதுதான் இதில் விசேஷம். ஆனால், போமோனாவில் நடந்தால் மட்டும் போதுமா? மற்ற ஊர் பசங்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

பார்க்ஸ் செய்த வேலைகளிலேயே கெட்டிக்காரத்தனமானது அடுத்து வந்ததுதான். 1954ல் 'டிராக் சஃபாரி' என்ற பெயரில் நான்கு பேரை நாடு சுற்ற அனுப்பினார். தலைமை தாங்கிய பட் கூன்ஸ், போமோனா காவல்துறையில் சார்ஜென்டாக இருந்தவர். நேரம் அளக்கும் கருவியையும் ஒலிபெருக்கியையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இடம் பார்ப்பது, காரைப் பரிசோதிப்பது, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது என எல்லாவற்றையும் உள்ளூர் கிளப் பசங்களுக்குச் செய்து காட்டினார்கள். நகர நிர்வாகத்தையும் போலீஸையும் சமாதானப்படுத்தும் வேலையும் சேர்ந்தே நடந்தது. நடத்தத் தெரிந்த ஆட்களை உருவாக்கிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

1955ல் கான்சாஸின் கிரேட் பெண்டில் முதல் தேசியப் போட்டி. மழை புகுந்து கெடுத்தது. இறுதிச் சுற்றை நவம்பரில் அரிசோனாவுக்குக் கொண்டுபோய்த்தான் முடித்தார்கள்.

பார்க்ஸ் வெறும் மேஜை ஆள் இல்லை. 1957ல் டேடோனா கடற்கரையில் ஒரு பிளைமவுத் காரை மணிக்கு சுமார் 268 கி.மீ. வேகத்தில் அவரே ஓட்டினார். அப்போது வயது 44.

எல்லாமே சரியாகத்தான் செய்தாரா?

அப்படிச் சொல்ல முடியாது. அதே 1957ல் நைட்ரோமீத்தேன் போன்ற சிறப்பு எரிபொருள்களுக்குச் சங்கம் தடை போட்டது. வேகம் கைமீறிப் போகிறது என்பது காரணம். வேகத்துக்காகவே வந்தவர்கள் கடுப்பாகி, தடை இல்லாத டிராக்குகளுக்குப் போனார்கள். 1963ல்தான் தடை தளர்ந்தது. பெண்கள் விஷயத்திலும் சங்கம் மெதுவாகத்தான் நகர்ந்தது. வேகமான பிரிவுகளின் லைசென்ஸ் அவர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியதே 1960களின் நடுவில்தான். அப்படி வந்த ஷர்லி மல்டவுனி 1977ல் உச்சப் பிரிவான டாப் ஃப்யூவல் சாம்பியன் ஆனார். 1980, 1982லும் அவர்தான்!

புதியவர்களுக்கு என்ன வழி?

காசுள்ளவன்தானே ஜெயிப்பான் என்ற கேள்வி இங்கே வரும். அதற்குப் பதில்தான் 1970களில் பரவிய 'பிராக்கெட்' முறை. கால் மைலை எத்தனை நொடியில் கடப்பேன் என்று ஓட்டுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒருவர் 16 நொடி, இன்னொருவர் 12 நொடி என்றால், மெதுவான காருக்கு 4 நொடி முன்னதாகவே பச்சை விழும். சொன்னதைவிட வேகமாக ஓடினாலும் அவுட். ஆகவே பொய் சொல்லித் தப்ப முடியாது. வீட்டு காரை ஓட்டி வந்த கத்துக்குட்டிகூட, கை சுத்தமாக இருந்தால் ஜெயிக்கலாம்.

சிறுவர்களுக்கான கதவு 1990களில் திறந்தது. நியூ ஜெர்சியில் டிராக் நடத்திய வின்னி நாப், பெரிய டிராக்ஸ்டரைப் பாதி அளவில் செய்து காட்டினார். 5 குதிரைத்திறன் கொண்ட சிறிய இன்ஜின்தான். அந்த யோசனையைச் சங்கம் எடுத்துக்கொள்ள, 1993ல் ஜூனியர் லீக் ஆரம்பமானது. தொடக்கத்தில் 8 முதல் 17 வயது வரை. தூரம் பெரியவர்கள் ஓடுவதில் பாதி. அப்பா மெக்கானிக், பிள்ளை டிரைவர் என்று குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள்.

1984ல் தலைவர் பொறுப்பை விட்ட பிறகும் பார்க்ஸ் சங்கத்தை விட்டு விலகவில்லை. 2007 செப்டம்பர் 28 அன்று 94 வயதில் காலமானார். சங்கத்தின் தேசியப் போட்டிகளில் ஜெயிப்பவர்களுக்குத் தரும் கோப்பைக்கு அவர் உயிரோடு இருந்தபோதே 'வாலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோடிகளில் புரளும் தொழில்முறை வீரருக்கும் அதுதான். வார நாளில் வேலைக்குப் போய்விட்டு, வார இறுதியில் காரை டிரெய்லரில் கட்டி இழுத்து வரும் அமெச்சூருக்கும் அதே வாலிதான்.