இதழுக்கு ஒரு வாழ்க்கை: மாண்டலின் ஸ்ரீநிவாஸ்



ஞாயிறு மாலையில் கிளப் ஹவுஸ் பக்கம் போனால் நம் கிட்டார் பிரியர்களைப் பார்க்கலாம். கல்கத்தாவில் செய்த பழைய கிவ்சன், சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிட்டார், தலைப்பகுதியே இல்லாத விசித்திரமான ஒன்று என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எது எந்த வருடத்தில் செய்தது, எதன் பிக்கப் மாற்றப்பட்டது, இன்று விற்றால் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. பழையதாக இருந்தால் அபூர்வம், எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதைவிட அபூர்வம்.

ஒரு வாத்தியம் அபூர்வமாவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதைக் காட்டியவருடைய வாழ்க்கையைத்தான் இந்த இதழில் படிக்கப்போகிறீர்கள். உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் என்று சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாமல் போகலாம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அவர் பிறந்தது 1969 பிப்ரவரி 28-ல், ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள பாலக்கொல்லு என்ற ஊரில். அப்பா சத்யநாராயணா இசைக் கலைஞர். ஆறு வயதில் அப்பாவோடு ஒரு கச்சேரிக்குப் போன பையன் அங்கே மாண்டலின் கேட்டான். அதன்மேல் ஆசை வந்துவிட்டது. அப்பா புது மாண்டலின் ஒன்று வாங்கிக் கொடுத்து, தானே பாடம் ஆரம்பித்தார். வாசு ராவ் என்ற கிட்டார் கலைஞர் மூலம் மேற்கத்திய இசையும் சின்ன வயதிலேயே காதில் விழுந்தது.

பிறகு குருவாக வந்தவர் ருத்ரராஜு சுப்பராஜு. யேசுதாஸுக்கும் குருவாக இருந்த செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர் இவர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. விரலை எங்கே வைக்க வேண்டும், எந்தக் கம்பியை எப்படி மீட்ட வேண்டும் என்று அவரால் சொல்லித்தர முடியாது. அதனால் அவர் பாடினார். பாடியதைப் பையன் கம்பியில் தேடிக் கண்டுபிடித்து வாசித்தான். இப்படித்தான் முழுப் பாடமும் நடந்தது. வாத்தியம் தெரியாத குரு கிடைத்தது குறையாகத் தோன்றலாம். ஆனால் வாய்ப்பாட்டு எப்படிப் போகிறதோ அப்படியே வாத்தியமும் போக வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. அவர் பிற்காலத்தில் செய்ததெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

அந்தப் பழக்கத்தோடு கூடவே ஒரு சிக்கலும் வந்தது. அதைப் புரிந்துகொள்ள மாண்டலினைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். இது இத்தாலியிலிருந்து வந்த வாத்தியம். மொத்தம் 8 கம்பிகள், ஜோடி ஜோடியாக 4 வரிசை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே சுருதி. மீட்டினால் கணீரென்று ஒலிக்கும், உடனே அடங்கிவிடும். சினிமாப் பாட்டுகளில் மாண்டலின் படபடவென்று வேகமாக அடிப்பதைக் கேட்டிருப்பீர்களே, ஒலி நிற்காது என்பதால்தான் அந்த வேகம். ஒரு ஸ்வரத்தை நீட்ட வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கர்நாடக இசைக்கு இது பெரிய இடைஞ்சல். நம் சங்கீதத்தில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அசைகிறது, வளைகிறது, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. இதைத்தான் கமகம் என்கிறோம். வீணையில் ஒரு தடவை மீட்டிவிட்டுக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே நாலைந்து ஸ்வரங்களைப் பேசவைக்கலாம். மாண்டலினில் இழுப்பதற்குள் ஒலியே போய்விடும். அதோடு, ஜோடிக் கம்பிகள் இரண்டையும் ஒரே அளவில் இழுக்க விரல் வசப்படாது. ஒன்று கூட, ஒன்று குறைய, சுருதி பிசகும்.

ஸ்ரீநிவாஸ் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். இரண்டாவது, ஜோடிக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பிகளாக மாட்டினார். நான்கோடு கீழ் ஸ்தாயிக்காக இன்னொன்று சேர்த்து ஐந்து கம்பிகள் ஆக்கினார்.

கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? இதன் அருமை நம் கிட்டார் நண்பர்களுக்கு உடனே புரியும். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்குகிறது. 1932-ல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டார் இந்த முறையில் வந்த முதல் கிட்டார்களில் ஒன்று. வட்டமான சின்ன உடம்பும் நீளமான கழுத்துமாக இருந்ததால் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயர். பெரிய பேண்டுகளில் கிட்டாரின் சத்தம் எடுபடவில்லை என்பதற்காகப் பிறந்த ஏற்பாடு அது. ஃபெண்டர் கம்பெனி 1956-லேயே நான்கு ஒற்றைக் கம்பி வைத்த எலெக்ட்ரிக் மாண்டலினையும் விற்றது. ஆக, எலெக்ட்ரிக் மாண்டலின் என்பது ஸ்ரீநிவாஸ் கண்டுபிடித்த பொருள் கிடையாது.

அவர் கண்டுபிடித்தது அதற்கான உபயோகத்தை. மற்றவர்கள் சத்தம் கூடுவதற்காகப் பயன்படுத்திய அதே பிக்கப்பை அவர் ஒலி நீள்வதற்காகப் பயன்படுத்தினார். மெல்ல மீட்டினாலும் ஒலி கேட்கும். அடங்கிக்கொண்டே போகும் கடைசி இழை வரைக்கும் கேட்கும். அந்த நேரத்துக்குள் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கமகத்தைக் கொண்டுவந்துவிடலாம். குரு பாடிய பாட்டு இப்படித்தான் கம்பியில் ஏறியது.

இந்த இடத்தில் நம் ஊருக்கான ஒரு குறிப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்துவிட்டது என்பதை உப்புப் பாத்திகளைப் பார்த்தே நாம் தெரிந்துகொள்கிறோம். அந்த உப்புக்காற்று நம் பால்கனி கிரில்லை என்ன செய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். பிக்கப்புக்கு எஃகுக் கம்பிதான் வேண்டும், நைலான் உதவாது. எஃகு என்றால் துருவும் கூடவே வரும். துருப்பிடித்த கம்பியில் ஒலியின் பளபளப்பும் நீளமும் குறைந்துவிடும். அதனால் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். கடல் பக்கச் சுவரில் அழகுக்காக மாட்டிவைக்க வேண்டாம்.

ஸ்ரீநிவாஸின் கதைக்கு வருவோம். 1978-ல் குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனை விழாவில் முதல் கச்சேரி. அப்போது அவருக்கு வயது 9. குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. 1981 டிசம்பர் சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் சென்னையின் முதல் கச்சேரி. வயது 12.

அந்த மேடையில் அவர் முன்னால் இருந்த சிரமத்தை நினைத்துப் பாருங்கள். ராக ஆலாபனையின் ஒவ்வொரு அசைவையும் எடைபோடும் ரசிகர்கள் எதிரே. மடியில் இருப்பதோ சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் பார்த்துப் பழகிய வாத்தியம், அதுவும் ஒயர் மாட்டியது. இதில் தோடியும் பைரவியும் வருமா என்ற சந்தேகம் வித்வான்களிடமும் இருந்தது, சபாக்களிலும் இருந்தது. பையன் அதற்கு வாதம் செய்யவில்லை, வாசித்துக் காட்டினார். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியமாக, சில கச்சேரிகளில் தவிலும் சேர்ந்துகொள்ள, அந்தச் சின்ன வாத்தியம் முழுக் கச்சேரியைச் சுமந்தது. சில ஆண்டுகளில் சந்தேகங்கள் ஓய்ந்தன.

வெளியிலிருந்து வந்த வாத்தியத்தை நம் சங்கீதம் ஏற்றுக்கொள்வது இது முதல்முறை இல்லை. இன்று வயலின் இல்லாத கச்சேரியைப் பார்ப்பது அரிது. அதுவும் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர்களிடமிருந்து கற்று நம் இசைக்குக் கொண்டுவந்ததுதான். கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன், சாக்ஸபோனுக்குக் கத்ரி கோபால்நாத் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உழைத்த ஒருவர் இருக்கிறார். மாண்டலினுக்கு இந்தப் பையன்.

1983-ல், 14 வயதில், பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். அதன்பின் உலகம் முழுக்கப் பயணம்தான். 1995-ல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து 'ட்ரீம்' என்ற ஆல்பம் வெளியிட்டார். மைக்கேல் புரூக் யாரென்று கிட்டார் பிரியர்களுக்கு நினைவிருக்கும். ஒரு தடவை மீட்டினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒலி நிற்கும்படி எலெக்ட்ரிக் கிட்டாரை மாற்றியமைத்து, அதற்கு 'இன்ஃபினிட் கிட்டார்' என்று பெயர் வைத்தவர். 1987-ல் வந்த யூ2 குழுவின் புகழ்பெற்ற பாட்டில் கேட்கும் அந்த நீண்ட கிட்டார் ஒலி அவருடைய கருவியில் வாசித்ததுதான். ஒலி அடங்கக்கூடாது என்று கருவியை மாற்றிய இரண்டு பேர், உலகத்தின் இரண்டு மூலைகளிலிருந்து வந்து ஒரே ஆல்பத்தில் சேர்ந்தார்கள்.

அடுத்த சந்திப்பு ஜான் மெக்லாஃப்லினோடு. 1970-களில் சக்தி குழுவை நடத்தியபோது அவருக்காக ஒரு தனிக் கிட்டார் செய்யப்பட்டது. வழக்கமான கம்பிகளுக்குக் குறுக்கே தம்பூராபோல் ஒலிக்க 7 கம்பிகள். ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகக் குடைந்து, வீணையில்போல் கம்பியை இழுக்க வசதி. 1990-களின் பிற்பகுதியில் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மறுபடி கூடியபோது ஸ்ரீநிவாஸ் அதில் சேர்ந்தார். மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் என்று பெரிய கூட்டணி. நம் இசைக்காக மரத்தைக் குடைந்தவரும் கம்பியைக் கழற்றியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். கோட்டும் சூட்டுமாக மாறாமல், பட்டுச் சட்டையும் நெற்றியில் திருநீறும் முகத்தில் அதே சிரிப்புமாகத்தான் ஸ்ரீநிவாஸ் அந்த மேடைகளிலும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

1998-ல் பத்மஸ்ரீ வந்தது. சங்கீத நாடக அகாடமி விருதும் வந்தது. தம்பி ராஜேஷும் மாண்டலின் கலைஞரானார். இருவரும் ஜோடியாகப் பல கச்சேரிகள் வாசித்தார்கள். மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். தனக்குக் கற்றுத்தர மாண்டலின் தெரிந்த ஒரு கர்நாடக வித்வான் கிடைக்காத நிலையில் தொடங்கியவர், அடுத்து வருகிறவர்களுக்கு அந்தக் குறை இல்லாமல் செய்துவிட்டுப் போனார்.

கல்லீரல் நோய்க்காகச் சிகிச்சை பெற்றுவந்த ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். வயது 45தான். வித்வான்கள் கனிந்து வரும் வயது என்று சொல்வார்களே, அந்த வயது. ஆனால் 9 வயதிலேயே மேடை ஏறியவர் என்பதால் 36 ஆண்டுக் கச்சேரி வாழ்க்கை அதற்குள் முடிந்திருந்தது.

இந்த வாரம் நேரம் கிடைத்தால் அவருடைய ஆலாபனை ஒன்றை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். ஒரே ஒரு மீட்டலைப் பிடித்துக்கொண்டு, அது அடங்குவதற்குள் எத்தனை ஸ்வரங்கள் வந்துபோகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த மாண்டலினை வேறு யார் கையில் கொடுத்திருந்தாலும் அது ஒரு சாதாரண வாத்தியம்தான். அவர் தினமும் வாசித்து வாசித்துத்தான் அது அபூர்வமானது.

உங்கள் வீட்டிலும் ஒரு கிட்டாரோ மாண்டலினோ உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம். வருடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புதுக் கம்பி மாட்டி வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். எலெக்ட்ரிக் வாத்தியத்தில் ஒரு சௌகரியம், ஆம்ப்ளிஃபையரில் ஹெட்போனைச் செருகிவிட்டால் இரவிலும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பழகலாம். அப்படியும் பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரே ஸ்வர வரிசை திரும்பத் திரும்பக் கேட்டால், புகார் புத்தகத்தை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். பாலக்கொல்லுவிலும் அந்த நாட்களில் அக்கம்பக்கத்தார் யாரோ பொறுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.