சிறிய படகும் பெரிய கடலும்

நாம் வந்து குடியேறிய இந்தக் கனடாவில் ஆதிமுதல் வாழ்ந்தவர்களுள் மிக்மாக் மக்களும் உண்டு. அவர்களுடைய தலைவர் ஒருவரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

பெமீனவீட் 1755இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். 1814இல் ஷுபெனக்கடி மிக்மாக் மக்களின் தலைவரானார். அக்காலத்தில் குடியேறிகள் காடுகளை வெட்டி, நிலங்களைப் பிடித்துக்கொண்டார்கள். வேட்டை நிலங்கள் பறிபோயின, நீர்நாய்கள் அற்றுப்போயின. ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள்.

எண்பது வயதைக் கடந்த அவர் விக்டோரியா மகாராணியாருக்கு மனு அனுப்பினார். கடலைக் கடந்து நேரில் வரத் தம் படகு சிறிது, தாமும் தளர்ந்துபோனவர் என்று சொல்லி, தம் மக்கள் அழியாதபடி காக்க வேண்டினார். 1841 ஜனவரியில் அம்மனு லண்டனை அடைந்தது. அங்கிருந்த அமைச்சகம் ஆளுநரிடம் விளக்கம் கேட்டது. 1842இல் மிக்மாக் மக்களுக்காக ஒரு சட்டம் பிறந்தது. அதை நடைமுறைப்படுத்த ஜோசப் ஹோவ் நியமிக்கப்பட்டார்.

ஆனாலும் நில அபகரிப்பு நிற்கவில்லை. 1843இல் பெமீனவீட் மரித்தார். அவருக்குப் பின்னும் அவருடைய மக்கள் மனு எழுதுவதை நிறுத்தவில்லை.

பிள்ளைகளே, சொந்த ஊரையும் காணியையும் இழந்து வந்தவர்கள் நம்மிலும் உண்டு. அந்த வேதனை நமக்குத் தெரியும். நம் வீடுகள் நிற்கும் நிலம் முன்பு யாருடையது என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள்.